முத்திரை உண்டு, எல்லைக்கல் எங்கே?

மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

கணிப்பொறி அறிவியல் படிக்கும் மாணவன் ஒருவன் கிராமத்தில் இருந்துவிட்டால் போதும். விளக்கு எரியவில்லை என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். தொலைக்காட்சியில் படம் ஆடினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பாகூர் ஏரிப் பாசனத்தில் உள்ள எங்கள் ஊரில் அந்தப் பதவியை மூன்றாண்டுகளாக நான் வகித்து வருகிறேன். சம்பளம் கிடையாது, மோர் கிடைக்கும். ஊரார் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஏதோ ஒரு பதில் சொல்லிச் சமாளித்து வந்த எனக்கு, என் ஆயா கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்ல முடியவில்லை. அக்கேள்வியை இம்மலரின் வாசகர்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

ஆயாவுக்கு முதியோர் உதவித்தொகை வங்கிக் கணக்கில் விழுகிறது. நம் புதுச்சேரியில் அரசு தரும் உதவி பலவும் இப்போது வங்கி வழியாகத்தான் வருகிறது. ரேஷன் அரிசிக்குப் பதில் பணத்தையே கணக்கில் போடும் முறையை 2015 செப்டம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கிய இடங்கள் சண்டிகரும் புதுச்சேரியும்தான் என்பதை நண்பர்கள் அறிந்திருப்பார்கள். வங்கியோ பஸ் ஏறிப் போகவேண்டிய தூரத்தில் இருக்கிறது. எனவே தெருவுக்கே ஓர் ஏஜெண்டு வருவார். அவர் கையில் ஓர் அலைபேசி. அதிலிருந்து ஒயரில் தொங்கும் ஒரு சின்ன ரேகைப் பெட்டி. ஆதார் எண்ணைச் சொல்லி, பெருவிரலை அந்தப் பெட்டியின் கண்ணாடிமேல் வைத்தால் அவர் பணத்தை எண்ணிக் கொடுப்பார். ஊர் வழக்கில் இதற்கு 'ரேகை வைக்கிறது' என்று பெயர்.

நான் கல்லூரியில் சேர்ந்த 2023-ஆம் ஆண்டில் ஒருநாள் ஆயா ரேகை வைத்தாள். "விழல ஆயா, இன்னொரு வாட்டி வையி" என்றார் ஏஜெண்டு. வைத்தாள். பணம் இரண்டாயிரம் வந்தது. அடுத்த மாதம் பாஸ்புத்தகத்தை வங்கியில் கொடுத்துப் பதிவு செய்து வாங்கியபோது, அதே தேதியில் இரண்டு முறை இரண்டாயிரம் எடுத்ததாக இருந்தது. ஏஜெண்டைக் கேட்டோம். சர்வர் கோளாறாக இருக்கும் என்றார். பத்து நாள் கழித்துப் பணத்தைத் திருப்பித் தந்தும் விட்டார். அவர் திருடினாரா, அல்லது உண்மையிலேயே அது கோளாறுதானா? எனக்குத் தெரியாது, ஆயாவுக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

2025-இல் அதே ஏஜெண்டு புதிய பெட்டியோடு வந்தார். "இது புது மெஷினு ஆயா. உள்ள சில்லு இருக்குது. இதுல எவனும் ஏமாத்த முடியாது, கவர்மெண்டே பாத்துக்கும்" என்றார். ஆயா விரலை வைத்தாள். பெட்டி ஏற்கவில்லை. துடைத்து வைத்தாள், எண்ணெய் தடவி வைத்தாள், இடது கை விரல்களை ஒவ்வொன்றாக வைத்தாள். ஐம்பது ஆண்டு நாற்று நட்டு, களையெடுத்து, சாம்பல் போட்டுப் பாத்திரம் விளக்கிய விரல்கள் அவை. அன்று பணம் வரவில்லை. அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பொட்டி நல்ல பொட்டியா இல்லியான்னு கவர்மெண்டுக்குத் தெரியுமாண்டா?"

"தெரியும் ஆயா."

"எனக்கு எப்பிடிடா தெரியும்?"

இதுதான் கேள்வி. இதற்கு விடை தேடு முன், அந்தச் சில்லு என்னதான் செய்கிறது என்பதைச் சிறிது விளக்க வேண்டியவனாகிறேன்.

ஒரு கணிப்பொறி தன்னைப் பற்றித் தானே சொல்லும் வாக்குமூலத்தை நம்ப முடியாது. கள்ள மென்பொருள் ஒன்று உள்ளே புகுந்து கணிப்பொறியையே வசப்படுத்திவிட்டால், 'நீ நலமா?' என்று கேட்கும்போது அந்தக் கள்ளனே 'நலம்' என்று பதில் சொல்லிவிடுவான் அல்லவா? ஆகவே, கணிப்பொறியின் மற்ற பாகங்கள் சொல்வதைக் கேட்டு மாறிவிடாத தனிச் சாட்சி ஒன்று தேவைப்பட்டது. 1999-இல் காம்பாக், எச்.பி., ஐ.பி.எம்., இண்டெல், மைக்ரோசாப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி இதற்கென ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. அதன் வழிவந்த அமைப்பு வகுத்ததே டி.பி.எம். எனப்படும் பாதுகாப்புச் சில்லு. இன்று பெரும்பாலான மடிக்கணிப்பொறிகளில் தனிச் சில்லாகவோ, மையச் செயலிக்குள் ஒரு பகுதியாகவோ அது குடியிருக்கிறது.

அதன் வேலையைச் சாயத்தொட்டியை வைத்துச் சொன்னால் எளிதாக விளங்கும். (புதுச்சேரியின் நீலத்துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரை போன ஊர்க்காரர்கள் நாம், சாயம் நமக்கு அந்நியமல்ல.) வெள்ளைத் துணி ஒன்றை முதலில் ஒரு சாயத்தில் தோய்க்கிறோம். அதன்மேல் இன்னொரு சாயம், அதன்மேல் மற்றொன்று. கடைசியில் ஒரு நிறம் வருகிறது. எந்தச் சாயத்தை மாற்றினாலும் அந்த நிறம் வராது. தோய்த்த துணியை மறுபடி வெள்ளையாக்கவும் முடியாது. கணிப்பொறி உயிர் பெறும்போது இதுவே நடக்கிறது. முதலில் எழும் சிறு நிரல், தனக்கு அடுத்து எழவேண்டிய நிரலை அளந்து, அந்த அளவைச் சில்லுக்குள் 'தோய்த்து'விட்டுத்தான் அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும். அது தனக்கு அடுத்ததை அளக்கும். இப்படியே படிப்படியாகச் சென்று, முழு இயக்கமும் தொடங்கும்போது சில்லுக்குள் ஒரு நிறம் நிற்கும். சாதாரணக் கணிப்பொறியின் சில்லில் இத்தகைய தொட்டிகள் 24 உண்டு. இடையில் யாரேனும் ஒரு நிரலை மாற்றியிருந்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அளந்ததைச் சேர்க்கலாமே தவிர, அழித்து எழுத முடியாது. கணிப்பொறியை அணைத்து மீண்டும் தொடங்கினால்தான் துணி வெள்ளையாகும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சில்லு காவல்காரன் அல்ல, சாட்சி. கள்ள நிரலை அது கையைப் பிடித்துத் தடுப்பதில்லை. ஆனால் பெட்டகத்தின் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, சரியான நிறம் வந்தால்தான் தருவேன் என்று சொல்லிவிடும். வட்டில் பூட்டிவைத்த கோப்புகளைத் திருடன் தூக்கிக்கொண்டு போனாலும் படிக்க முடியாமற் போவது இதனால்தான். இன்னொரு வேலையும் உண்டு. தொலைவில் இருக்கும் ஒரு மையம், 'உன் நிறம் என்ன?' என்று கேட்கலாம். சில்லு தன் இரகசியச் சாவியால் ஒப்பமிட்டுப் பதில் அனுப்பும். அந்தச் சாவி சில்லை விட்டு ஒருபோதும் வெளியே வராது. நேற்று அனுப்பிய பதிலையே இன்றும் நகலெடுத்து அனுப்பி ஏமாற்றாமலிருக்க, கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணைக் கொடுப்பார். அந்த எண்ணையும் சேர்த்தே ஒப்பமிட வேண்டும். நம் வகுப்பில் நண்பனுக்காக 'உள்ளேன் ஐயா' சொல்பவர்கள் இந்த ஏற்பாட்டைக் கண்டு அஞ்சுவது நலம்.

இனி ஆயாவின் பெட்டிக்கு வருவோம். அது டி.பி.எம். அல்ல, ஆயினும் அதே குடும்பத்துப் பிள்ளை. பழைய வகைப் பெட்டிக்கு 'எல் 0' என்று பெயர். அதில் ரேகையை ஒப்பமிட்டு மூடும் வேலை, பெட்டி இணைந்திருக்கும் அலைபேசியின் மென்பொருளில் நடந்தது. அலைபேசியைக் கைவசப்படுத்தியவன் இடையில் புகுந்துவிட வாய்ப்பு இருந்தது. புதிய 'எல் 1' பெட்டியில் ரேகை பதிந்த இடத்திலேயே, பெட்டிக்குள்ளே உள்ள காப்பான வன்பொருளுக்குள்ளேயே, ஒப்பமும் மூடுதலும் முடிந்துவிடுகின்றன. அலைபேசிக்கு வந்து சேர்வது திறக்க முடியாத உறை மட்டுமே. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி அடையாளம் உண்டு. பதிவு பெறாத பெட்டியின் உறையை ஆதார் ஆணையம் ஏற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் கெடு கொடுத்து, 2025-இல் பழைய வகையை விலக்கியதன் காரணம் இதுவே.

இது வீண் செலவு என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. சேமித்து வைத்த ரேகையையே மீண்டும் மீண்டும் அனுப்பிய செயலுக்காக, 2017 பிப்ரவரியில் ஆதார் ஆணையம் போலீசில் புகார் கொடுக்க வேண்டி வந்தது. 2018-இல் தெலங்கானாவில் ஒருவர் நிலப்பதிவுப் பத்திரங்களில் இருந்த பெருவிரல் ரேகைகளைப் பார்த்து ரப்பர் ரேகைகள் செய்து, அவற்றைக் கொண்டு சிம் அட்டைகளை உயிர்ப்பித்து மாட்டிக்கொண்டார். பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர்கள் யார்? கையெழுத்துப் போடத் தெரியாத ஏழைகள். ஆகவே அவர்களைக் காப்பதற்கு வன்பொருளில் காவல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. (ரப்பர் விரலைக் கண்டுபிடிப்பது முத்திரைச் சில்லின் வேலையல்ல. அதற்கென உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் தனி முறையை ஆணையம் 2023-இல் கொண்டுவந்தது.)

பின் என் குறை என்ன? அதைச் சொல்ல நம் ஊர்ச் செப்பேட்டைத் துணைக்கு அழைக்கிறேன்.

பாகூர் என்றால் நெல் என்று மட்டும் நினைப்பவர்கள் பலர். ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஒரு கல்விநிலையம் இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டில் அக்கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டன. அதைக் கூறும் செப்பேடுகள் 1879-இல் கண்டெடுக்கப்பட்டுப் பாரிசுக்குப் போய்விட்டன. (நம் கல்விக்கு எழுதிக்கொடுத்த பத்திரத்தைப் பார்க்க நாம் பாரிசுக்குப் போகவேண்டியிருக்கிறது. அது வேறு கதை.) செப்பேடுகளின் அமைப்பைப் பாருங்கள். ஏடுகள் அனைத்திலும் துளையிட்டு ஒரே வளையத்தில் கோப்பார்கள். வளையத்தின் இரு முனைகளையும் சேர்த்து, சேர்ந்த இடத்தில் அரச முத்திரையை வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். இடையில் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ வேண்டுமானால் வளையத்தை அறுத்தாக வேண்டும். அறுத்தது தெரிந்துவிடும். சாயத்தொட்டிச் சில்லுக்கும் இதற்கும் கருத்தளவில் வேறுபாடு உண்டா?

ஆனால் அந்தக் கால அரசர்கள் முத்திரையோடு நிற்கவில்லை. தானம் கொடுத்த நிலத்தின் எல்லையை நாட்டார் நடந்து சுற்றி, எல்லையெங்கும் கல்லும் கள்ளியும் நட்டார்கள். ஏன்? ஓலை படிக்கத் தெரியாத உழவனும், ஆடு மேய்க்கும் சிறுவனும்கூட எது யாருடையது என்பதைத் தன் கண்ணாலேயே காணவேண்டும். முத்திரை அரண்மனைக்கு, எல்லைக்கல் ஊருக்கு. போலிச் செப்பேடுகளும் நம் நாட்டில் ஏராளமாகச் செய்யப்பட்டன என்பதைக் கல்வெட்டு அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். முத்திரை ஒன்றை மட்டும் நம்பினால் அந்த ஆபத்து என்றும் உண்டு. ஊர் அறிய நட்ட கல்லை அப்படி எளிதில் பொய்யாக்க முடியாது.

எல் 1 பெட்டியில் முத்திரை இருக்கிறது. எல்லைக்கல் இல்லை. இதுவே என் குறை.

சற்றுக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். பெட்டி எதற்கு ஒப்பமிடுகிறது? 'இந்த நேரத்தில், இந்தப் பெட்டியில், இந்த ரேகை வைக்கப்பட்டது' என்பதற்கு. எத்தனை ரூபாய் என்பதை அது அறியாது. தொகையைத் தட்டுவது ஏஜெண்டின் அலைபேசியில். அந்தத் திரை அவரைப் பார்த்தபடி இருக்கிறது. ஆயாவைப் பார்த்தபடி அல்ல. இரண்டாயிரம் என்று வாயால் சொல்லி, மூவாயிரம் என்று விரலால் தட்டினாலும், பெட்டியின் உள்ளே உள்ள சில்லு தன் கடமையைக் குறைவறச் செய்து, மிக நேர்மையாக ஒப்பமிட்டு அனுப்பும். முதல்முறை விழவில்லை என்று பொய் சொல்லி இரண்டாம் முறை விரல் வைக்கச் சொன்னாலும் அப்படியே. 2023-இல் எங்களுக்கு நேர்ந்தது புதிய பெட்டியாலும் தடுக்கப்படாது. மையத்திற்குப் பெட்டியின்மேல் சந்தேகம் இருந்தது. அதைத் தீர்க்கச் சில்லு வைத்தார்கள். ஆயாவுக்குத் திரையின்மேல் சந்தேகம். அதைத் தீர்க்க எதுவும் வைக்கவில்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமன்று. இந்தச் சில்லுகள் தோன்றிய காலத்திலேயே, 2002-இல், ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற மென்பொருள் விடுதலைக்காரர், இதை நம்பகக் கணிப்பு என்று அழைக்கக் கூடாது, நம்பிக்கைத் துரோகக் கணிப்பு என்றே அழைக்கவேண்டும் என்று எழுதினார். கணிப்பொறி தன் உரிமையாளருக்குக் கீழ்ப்படியாமல் எங்கோ உள்ள நிறுவனத்திற்குக் கீழ்ப்படியும் நிலை வரும் என்பது அவர் அச்சம். அவரளவு கடுமையாகப் பேச நான் விரும்பவில்லை. ஆயினும் 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளிவந்தபோது, டி.பி.எம். இரண்டாம் பதிப்புச் சில்லு இல்லாத கணிப்பொறிகளில் அது முறைப்படி இயங்காது என்று அறிவித்தார்கள். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவும் நின்றது. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ பொறிகள், ஒரு சில்லு இல்லாத குற்றத்திற்காக அல்லது செயலி பழையது என்ற குற்றத்திற்காக, ஒரே நாளில் கிழடாகிவிட்டன. என்னுடைய மடிக்கணிப்பொறியும் அவற்றுள் ஒன்று. பாதுகாப்பு வேண்டும் என்பது சரி. ஆனால் அதன் விலையை யார் கொடுப்பது என்ற கேள்வியை எழுப்பாமலே முடிவு எடுத்துவிடுகிறார்கள்.

சில்லு தவறாதது என்ற மூடநம்பிக்கையும் வேண்டாம். 2017-இல் செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், புகழ்பெற்ற ஒரு ஜெர்மானிய நிறுவனத்தின் பாதுகாப்புச் சில்லுகள் இரகசியச் சாவிகளை உண்டாக்கும் முறையிலேயே ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதன் விளைவாக எஸ்டோனியா நாட்டில் சுமார் ஏழரை லட்சம் அடையாள அட்டைகளின் மின்சான்றுகளை நிறுத்திவைத்துப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. அந்நாட்டு மக்கள்தொகையே பதின்மூன்று லட்சம்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அரசு செய்த ஒரு நல்ல காரியம், மறைக்காமல் மக்களிடம் சொன்னது.

இந்த இடத்தில் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1954 அக்டோபர் 18-ஆம் நாள் அங்கேதான் 178 பிரதிநிதிகள் கூடி, பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்தார்கள். இணைய வேண்டும் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர். அந்த எண்ணிக்கையைச் சரிபார்க்க எந்தச் சில்லும் தேவைப்படவில்லை. எண்ணத் தெரிந்த எவரும் சரிபார்த்திருக்கலாம். இன்று நாம் வாக்களிப்பது பொறியில். அதன் உள்ளே இருப்பதும் ஒரு நுண்சில்லுதான். ஊர் நடுவே எண்ணக்கூடியதாக இருந்த ஒன்று சில்லுக்குள் போய்விட்டால், தோற்றவர் எப்படி நம்புவது? உச்சநீதிமன்றம் 2024 ஏப்ரல் 26-இல் தந்த தீர்ப்பு இதற்கு ஒரு வழி சொன்னது. வாக்குச்சீட்டு முறைக்குத் திரும்ப மறுத்துவிட்ட நீதிமன்றம், ஒன்றைச் சேர்த்தது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் முடிவு வெளியான ஏழு நாட்களுக்குள் எழுதிக் கேட்டால், தொகுதியின் ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் நூற்றுக்கு ஐந்து பொறிகளின் சில்லு நினைவகத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் அவர்கள் முன்னிலையில் சோதிக்க வேண்டும். செலவு கேட்டவருடையது, திருத்தம் நடந்தது நிரூபணமானால் பணம் திரும்ப வரும்.

தயாரித்தவனையே சோதிக்கச் சொன்னால் அது என்ன சோதனை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இருப்பினும் அத்தீர்ப்பில் ஒரு கொள்கை இருக்கிறது: பொறியின் நேர்மையைக் கேட்கும் உரிமை, பொறியை வைத்திருப்பவருக்கு மட்டும் உரியதன்று, அதனால் பாதிக்கப்படக்கூடியவருக்கும் உரியது. வேட்பாளருக்கு உள்ள அந்த உரிமை ரேகை வைக்கும் கிழவிக்கு ஏன் இல்லை?

கிராமத்தில் இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. நெல் போடப்போகும் இடத்திலுள்ள தராசைப் பாருங்கள். எடையளவுத் துறையினர் காலந்தோறும் வந்து சோதித்து, ஆண்டும் காலாண்டும் தெரியும்படி முத்திரை குத்துகிறார்கள். சோதித்ததற்கான சான்றிதழைக் கடையில் எல்லோருக்கும் தெரியும்படி மாட்டிவைக்க வேண்டும் என்பது விதி. என் தாத்தா தராசின்மேல் ஏறும் மூட்டையைப் பார்க்கு முன் முத்திரையைத்தான் பார்ப்பார். முத்திரை பழசு என்றால் மூட்டையை இறக்கமாட்டார். அத்தராசின் உள்ளமைப்பு அவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொரு முன்மாதிரி டீக்கடையில் இருக்கிறது. அலைபேசியில் பணம் அனுப்பினால், கல்லாவில் உள்ள சிறு பெட்டி, இத்தனை ரூபாய் வந்தது என்று தமிழிலேயே உரக்கச் சொல்கிறது. கடைக்காரர் வடை சுட்டுக்கொண்டே காதால் கணக்குப் பார்த்துக்கொள்கிறார். வியாபாரிக்குப் பேசும் பெட்டி செய்ய முடிந்த நாட்டில், முதியவளுக்குப் பேசும் பெட்டி செய்ய முடியாதா? 'இரண்டாயிரம் ரூபாய் எடுக்க விரல் வைக்கவும்' என்று அந்த ரேகைப் பெட்டியே, அலைபேசியின் தயவில்லாமல், தன் குரலில் சொல்லட்டும். சொன்ன தொகையையும் சேர்த்தே சில்லு ஒப்பமிடட்டும். அப்போது வாயால் ஒன்று, விரலால் ஒன்று என்பது நடக்காது. விரல் ஏற்கப்படாவிட்டால் அதையும் அதே குரலில் சொல்லட்டும். 'விழல' என்று ஏஜெண்டு சொல்லி நாம் நம்பவேண்டிய நிலை ஒழியும். பெட்டியின் முதுகில், தராசுக்கு இருப்பதுபோல, எந்த ஆண்டு சோதிக்கப்பட்டது என்பது பெரிய எழுத்தில் இருக்கட்டும். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பதிவுபெற்ற பெட்டிகளின் எண்கள் ஒரு பலகையில் எழுதப்படட்டும்.

ஏஜெண்டுகளைத் திருடர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். வெயிலில் தெருத்தெருவாக அலைந்து, சொற்பக் கமிஷனுக்கு வேலை செய்பவர்கள் அவர்கள். எங்கள் ஏஜெண்டு பணத்தைத் திருப்பித் தந்த அன்று, "என்னைய நம்ப மாட்டியா ஆயா?" என்று கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது. அவர் சொன்னது உண்மையாயிருந்தால், தன் நேர்மையை நிரூபிக்க அவருக்கும் வழி இல்லை அல்லவா? பேசும் பெட்டி அவரையும் காப்பாற்றியிருக்கும்.

விலை கூடும் என்று சொல்வார்கள். கூடும்தான். பழைய பெட்டிகளையெல்லாம் தூக்கிப்போட்டுப் புதியவை வாங்கச் சொன்னபோது விலை கூடவில்லையா? மையத்தின் சந்தேகத்தைத் தீர்க்கப் பணம் இருந்தது. மேலும், தேய்ந்த விரலுக்கு விடை எந்தச் சில்லிலும் இல்லை. ரேகை பொருந்தவில்லை என்பதற்காக ரேஷன் முதலிய நலத்திட்டங்களில் யாரையும் திருப்பி அனுப்பலாகாது என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டது. கருவிழியைக் கொண்டும் முகத்தைக் கொண்டும் அடையாளம் காணும் முறைகள் ஆதாரில் இருக்கவே செய்கின்றன. அவை எங்கள் தெருவுக்கு அன்று வரவில்லை. மறுநாள் நான் வகுப்புக்கு மட்டம் போட்டு, ஆயாவைப் பஸ்ஸில் ஏற்றி வங்கிக்குக் கூட்டிப்போய், சலானில் கைநாட்டு வைத்துப் பணம் வாங்கித் தந்தேன். அன்றைய வருகைப் பதிவில் எனக்கு விழுந்த குறிக்குக் காரணம் இதுதான் என்பதைப் பேராசிரியர் இம்மலர் வழியாக அறியட்டும்.

ஆயா இப்போது தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறாள். அடுப்படிச் சுவரில், நெல் மூட்டைக்குக் கணக்குப் போட்ட பழைய கோடுகளுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு முறை விரல் வைக்கும்போதும் கரித்துண்டால் ஒரு கோடு போடுகிறாள். பணம் கைக்கு வந்தால் அதன்மேல் குறுக்கே இன்னொரு கோடு. மாதக் கடைசியில் பாஸ்புத்தகத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, தானே போய்ச் சுவரைப் பார்த்து எண்ணுகிறாள். சென்ற மாதம் சுவரில் குறுக்குக் கோடில்லாமல் ஒரு கோடு நின்றது. புத்தகத்தில் அதற்கு நேரே பதிவு எதுவும் இல்லை என்று நான் சொன்ன பிறகும், இன்னொரு தடவை பார் என்று கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.